சாட்சித் திட்டு

எறும்புக்கு றெக்கை முளைச்சா அதுக்குச் சாவு வந்துருச்சுன்னு ஒரு பேச்சு உங்க பக்கம் உண்டு. அதை உங்க ஊரோடவே வச்சுக்கங்க. எங்க கரையில வண்டியை நிறுத்தின பஸ் கண்டக்டர் ஒருத்தரு வாய் தவறி அதைச் சொல்லப்போயி, எங்க பொம்பளைங்க கூடையைக் குறுக்க போட்டு பஸ்ஸை மறிச்சு, இந்தக் கதையை ஆதியோட அந்தமாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் விசில் ஊத முடியாம நின்னாரு. உங்களுக்கும் அதே கதைதான். நேரம் இருந்தா கேளுங்க, இல்லைன்னா அடுத்த பஸ் நாலு மணிக்கு.

நாங்க மண்ணு வெட்டற ஆளுங்க. கண்மாய் வெட்டறது, ஊருணி தோண்டறது, கரை போடறது, இதுதான் எங்க பாட்டன் காலத்துலேர்ந்து தொழில். ஒரு ஊர்ல வேலை கிடைச்சா வெட்டப்போற பள்ளத்துக்குள்ளயே ஓலைக் குடிசை போட்டுக்கிட்டு, அங்கேயே உலை வச்சு, அங்கேயே பிள்ளை பெத்து, பிள்ளையோட தொப்புள்கொடியை அந்தப் பள்ளத்துலயே புதைச்சு, வேலை முடிஞ்சதும் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஊரைப் பார்க்கப் போயிருவோம். நாங்க போனப்புறம் மழை பெய்யும், கண்மாய் நிறையும், கொடி புதைச்ச எடம் தண்ணிக்கு அடியில போயிரும். கொடி கெடக்கிற மண்ணுதான் சொந்த மண்ணுன்னு எல்லாரையும் போலத்தான் நாங்களும் சொல்றோம், ஆனா எங்க சொந்த மண்ணுல எல்லாம் மீனு மேயுது. அதுக்காக எங்க ஆளுங்க தலை குனிஞ்சதில்ல. நாங்க பொறந்த எடத்துலதான் ஊரு உலகம் குடம் முக்குதுன்னு சொல்லிட்டுப் போவாங்க. சொல்லிட்டுப் போவாங்களே தவிர, போற வழியில திரும்பித் திரும்பிப் பார்ப்பாங்க.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு ஆழம் வெட்டியிருக்குன்னு பின்னால அளக்கணும் இல்லையா, அதுக்காகப் பள்ளத்துக்கு நடுவுல ஒரு எடத்தை மட்டும் தொடாம, பழைய தரை மட்டத்துலயே, தலையில புல்லு பூண்டோட அப்படியே விட்டு வைப்போம். அதுக்குப் பேருதான் சாட்சித் திட்டு. ஓவர்சியர் வந்து அந்தத் திட்டோட உசரத்தை அளந்துக்கிட்டப்புறம் அதையும் வெட்டிருவோம். அதை வெட்டினாத்தான் வேலை முடிஞ்சது. வெட்டின அன்னைக்கே பொழுது சாயறதுக்குள்ள கூட்டம் கிளம்பிரணும். திட்டு நிக்கிற வரைக்கும் எங்களைப் போன்னு சொல்ல எவனுக்கும் வாய் கிடையாது, வேலையை முடிக்காம போற பழக்கம் எங்களுக்கும் கிடையாது. திட்டை எந்த எடத்துல விடறதுன்னு கேட்டீங்கன்னா, எறும்பு எங்க குடியிருக்கோ அங்க. மண்ணு சுமக்கிறவன் மண்ணு சுமக்கிறவன் வீட்டை இடிக்கலாமா?

என் பெரியம்மா சடைச்சி, எங்கம்மா ராக்குக்குக் கூடப் பொறந்த மூத்தவ, அவதான் கூட்டத்துலயே பெரிய கூடைக்காரி. ரெண்டு ஆம்பளை சேர்ந்து தூக்கிவிட்டாத்தான் அது அவ தலைக்கு ஏறும், ஏறினப்புறம் அவ பாட்டுக்கு வெத்தலை மென்னுக்கிட்டுக் கரையேறுவா. கட்டினவன் கரை சரிஞ்சு செத்துப்போனான், வயித்துல ஒண்ணும் தங்கல. கூட்டத்துல பிள்ளைப்பேறு பார்க்கிறதும் அவதான். எங்க ஆளுங்கள்ல பாதிப்பேரு பூமியில விழுகிறதுக்கு முன்னால அவ கையிலதான் விழுந்தாங்க, அவ வாய்க்குப் பயந்தே ரெண்டு மூணு பிள்ளை சீக்கிரமா வெளிய வந்துருச்சுன்னு கேலி பேசுவாங்க.

அந்த வருசம் கீழப்பொட்டல்ல கண்மாய் வேலை. சித்திரையில ஒரு கோடை மழை பெஞ்சு விட்ட மறு நாள் மத்தியானம், சடைச்சி பெரியம்மா சாட்சித் திட்டு மேல உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தப்ப, திட்டுல இருந்த எறும்புங்கள்ல றெக்கைக்காரங்க எல்லாம் வெளிய வந்து, அவ முதுகு மேலயே ஏறி நின்னு, காத்து எந்தப் பக்கம்னு பார்த்துட்டுப் பறந்து போச்சுங்க. அவ தட்டி விடல. குடிச்ச சட்டியைக் கழுவிக் கவுத்துட்டு மறுபடியும் கூடையைத் தூக்கினா. அந்த வாரம் பூரா தோள்பட்டை ரெண்டும் நமநமன்னு அரிக்குதுன்னா, எங்கம்மா விளக்கெண்ணெய் தடவி விட்டா, வெள்ளிக்கிழமை காலையில ரவிக்கை போட முடியாம பெரியம்மா திட்டிக்கிட்டே திரும்பினப்ப முதுகுல றெக்கை இருந்துச்சு. வெங்காயச் சருகு நிறம், உள்ள நரம்பு ஓடறது தெரியும், மடக்கினா குதிகாலைத் தொடும், விரிச்சா ரெண்டு குடிசைக்கு நிழல்.

சொக்கையா மேஸ்திரிதான் எங்க கூட்டத்துக்குத் தலைவரு. அவருகிட்டப் போயிச் சொன்னாங்க. அவரு வந்து சுத்திச் சுத்திப் பார்த்துட்டுக் கேட்டாரு.

"கூடை தூக்க முடியுமா?"

"முடியும் மாமா."

"அப்புறம் என்னத்தா, தூக்கு. வேலை கெடக்குல்ல."

அவ்வளவுதான் பேச்சு. மேஸ்திரி பொஞ்சாதி மட்டும், கூட்டத்துல நான் ஒருத்தி இருக்கையில இவளுக்கு எப்படி வரலாம்னு கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா. அதுக்கப்புறம் அவளே பழைய சேலையைக் கிழிச்சு, முதுகு திறந்து நாடா கட்டற மாதிரி ஒரு ரவிக்கை தைச்சுக் குடுத்தா. றெக்கை வந்த பொம்பளைக்குப் பின்னாடி கூடையோட யாரும் நடக்கக் கூடாது, காத்துல புழுதி கண்ணுல விழுகுதுன்னு ஒரு தடவை சண்டை வந்து, அவளை வரிசையில கடைசியா விட்டாங்க. ஈரத்துணியைப் பிடிச்சுக்கிட்டு நாலு சுத்து சுத்திட்டு வாக்கான்னு எங்கம்மா கேட்டா, இவ அதையும் செஞ்சு குடுப்பா.

கீழப்பொட்டல் ஆளுங்க சும்மா இருப்பாங்களா? சூடமும் எலுமிச்சம்பழமுமாக் கிளம்பி வந்துட்டாங்க. அம்மா தாயேன்னு கால்ல விழ வந்தவங்களைப் பெரியம்மா நிறுத்தி, "வேடிக்கை பார்க்க வந்தியா, வேலைக்கு வந்தியா? வந்த காலோட ஆளுக்கு ஒரு கூடை எடுத்துக் கரையில கொட்டிட்டுப் போ"ன்னா. சாமி சொன்னதா நினைச்சுக்கிட்டு அவங்களும் சுமந்தாங்க. மறு நாள் அடுத்த ஊர்க்காரங்க வந்தாங்க, அதுக்கு மறு நாள் வண்டி கட்டிக்கிட்டு வந்தாங்க, அங்க ஒரு கூடை மண்ணு சுமந்தா தலைவலி போகும், கல்யாணம் கூடும், வழக்கு செயிக்கும்னு அவங்களே பேசிக்கிட்டாங்க. வாழ்நாள்ல மம்பட்டியைத் தொடாதவங்க எல்லாம் சும்மாடு கட்டிக்கிட்டு வரிசையில நின்னதை எங்க ஆளுங்க கரை மேல குத்த வச்சு உக்காந்து பார்த்தாங்க. இப்படிப் பிடிக்கணும், அப்படிச் சாய்க்கணும்னு அதிகாரம் வேற.

பெரியம்மா முதல் தடவை உசரப் பறந்தது ஒரு ஞாயித்துக்கிழமை. மேல போனவ கண்ணுக்குத் தெரியாமப் போயி, மத்தியானச் சாப்பாடு ஆறினப்புறம் வந்து இறங்கினா. இறங்கினவ முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சா. என்னத்தா ஆச்சுன்னு மேஸ்திரி பதறிப்போயிக் கேட்டாரு.

"மாமா, நாம வெட்டினது எல்லாம் மேலேர்ந்து தெரியுது. பந்தி போட்ட எலை மாதிரி வரிசையாக் கெடக்கு. எல்லாத்துலயும் தண்ணி இருக்கு மாமா."

கேளுங்க, இதுதான் முக்கியம். எங்க ஆளுங்க வெட்டின கண்மாயில தண்ணி நிறைஞ்சு நின்னதை எங்க ஆளுங்க யாருமே பார்த்ததில்ல. தண்ணி வர்றதுக்குள்ள அடுத்த ஊருக்குப் போயிருவோம், அங்க வேலை இருக்கும். அன்னைக்குச் சாயங்காலம் கூட்டமே பெரியம்மாவைச் சுத்தி உக்காந்துருச்சு. எழுந்து நடக்க முடியாத முத்திருளப்பர்னு ஒரு பெரிய மனுசரு இருந்தாரு, அவரை மம்பட்டிக் காம்புல துணி கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. நான் பொறந்த கண்மாய் வடக்க மூணு பனை நிக்கிற கரைத்தா, அது எப்படி இருக்குன்னு அவரு கேட்டாரு. மறு நாள் பெரியம்மா போயிப் பார்த்துட்டு வந்து, தாமரை பூத்துக் கெடக்கு மாமா, நடுவுல எருமை ஒண்ணு தலையை மட்டும் நீட்டிக்கிட்டுப் படுத்திருக்கு, பனையில ரெண்டுதான் இருக்குன்னு சொன்னா. அவரு அன்னைக்குப் பூரா எருமை, எருமைன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. அதுக்கப்புறம் தினம் ஒரு வீட்டுக்காரங்க தங்க கண்மாயைப் பார்த்துட்டு வரச் சொல்லுவாங்க, இவளும் கூடை வேலை முடிஞ்சதும் போயிட்டு வருவா. மதகு ஒழுகுது, உங்கப்பன் போட்ட கரையில புளியமரம் வச்சிருக்காங்க, பிள்ளைங்க குதிச்சுக் குளிக்குதுங்கன்னு சேதி சொல்லுவா. நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்க எங்களுக்கு அந்த வருசம்தான் தெரிஞ்சது.

கோயில் கட்டித் தர்றேன், வந்து உக்காந்தா மட்டும் போதும்னு ஒரு பெரிய பண்ணைக்காரரு கூப்பிட்டாரு. உக்காந்தா எனக்கு இடுப்புப் பிடிக்கும் சாமின்னு பெரியம்மா அனுப்பிட்டா. ஆனா பறக்கிறதுன்னா அவளுக்கு உசுரு. அதை மறைக்கவும் இல்ல. தலையில பாரம் இல்லாம போற எடம் அது ஒண்ணுதான் ராக்குன்னு எங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கா.

எங்கம்மா அப்ப என்னைச் சுமந்துக்கிட்டு இருந்தா. ஒரு நாள் அவ பெரியம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா.

"அக்கா, என் கொடியும் தண்ணியில கெடக்கு, உன் கொடியும் தண்ணியில கெடக்கு. இந்தப் பிள்ளை கொடியையாவது நனையாத மண்ணுல புதைக்கணும். உனக்குத்தான் றெக்கை இருக்கே, ஒரு எடம் பார்க்கக் கூடாதா?"

"பார்க்கிறேன்டி. நீ அழுகாத, பிள்ளைக்கு ஆகாது."

பார்க்கிறேன்னு சொன்னவளுக்கு அவகாசம் இல்ல. தை மாசம் வரைக்கும் இழுக்க வேண்டிய வேலையை, வேண்டுதல்காரங்க சுமந்து சுமந்து புரட்டாசிக் கடைசியிலயே முடிச்சுக் குடுத்துட்டாங்க. ஓவர்சியர் வந்து திட்டை அளந்துட்டாரு. எறும்புங்க முட்டையைத் தூக்கிக்கிட்டுக் கரையேறினதும் திட்டை வெட்டினோம். எங்கம்மாவுக்கு நிறை மாசம். அடுத்த வேலை எந்த ஊர்லயும் இன்னும் சொல்லல. மேஸ்திரிக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. பெரியம்மாதான், நான் ஒரு எடம் பார்த்திருக்கேன், எல்லாரும் என் நிழலைப் பார்த்துக்கிட்டே நடங்கன்னு முன்னால பறந்தா. தரையில போன அவ நிழலைத் தொட்டுத் தொட்டுக் கூட்டம் நடந்துச்சு, எங்கம்மா மாட்டு வண்டியில வந்தா.

அந்த எடம்தான் இது. மூணு ஊரு எல்லை முட்டற மேடு. கல்லும் கள்ளியுமா எதுக்கும் ஆகாத மண்ணுன்னு மூணு ஊர்க்காரங்களும் இது எங்களுது இல்ல, உங்களுதுன்னு ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளி விட்டிருந்தாங்க. யாருக்கும் வேண்டாத எடம் எங்களுக்குப் போதும்னா பெரியம்மா. உச்சியில ஒரு எறும்புப் புத்து இருந்துச்சு, அதுக்குப் பக்கத்துல பாய் விரிச்சு எங்கம்மாவைப் படுக்க வச்சாங்க. பிள்ளை பொறந்தாக் குளிப்பாட்டத் தண்ணி வேணும், பக்கத்துல பொட்டுத் தண்ணி கிடையாது. முத்திருளப்பர் கண்மாயிலேர்ந்து கொண்டு வாத்தா, அது நல்ல தண்ணின்னு அவரே கேட்டுக்கிட்டாரு. ஆளுக்கொரு குடிசை போட்டு வைங்கன்னு சொல்லிட்டுப் பெரியம்மா குடத்தோட காலையில கிளம்பினா. போனவ நேராவா வந்தா? வெட்டின கண்மாய் ஒவ்வொண்ணையும் ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுத்தான் வந்தா. பார்க்கட்டும், அவ பார்க்காம யாரு பார்க்கிறது.

இங்க நடந்த கூத்தைக் கேளுங்க. குடிசை போடறதுக்கு முன்னால தண்ணிக்குச் சின்னதா ஒரு குழி எடுப்போம்னு மேஸ்திரி சொன்னாரு. மம்பட்டியை எடுத்தாங்க. ஒருத்தன் வெட்ட, பின்னாலயே கூடை வந்து நின்னுச்சு. கூடை நின்னா நிரப்பணும், நிரம்பினாத் தூக்கணும், தூக்கினாக் கொட்டணும், கொட்டினாக் கரை ஆகும், ஒரு பக்கம் கரை வந்தா மறுபக்கமும் வரணும். அந்த மண்ணு எதுக்கும் ஆகாதுன்னு சொன்னவன் எவனோ, மேல கல்லு, உள்ள வெண்ணெய். நிறுத்துன்னு சொல்றது எப்பவும் ஓவர்சியர் வேலை. அன்னைக்கு எங்களுக்கு ஓவர்சியர் இல்ல. சாயங்காலம் மூணு மணிக்குப் பெரியம்மா குடத்தோட இறங்கி வந்தப்ப, மேட்டைக் காணோம். ஊரு நிக்க வேண்டிய எடத்துல அம்சமா, அளவெடுத்தாப்புல, ஒரு ஊருணி கெடக்கு. நடுவுல எறும்புப் புத்தும் எங்கம்மாவும் இருக்கிற எடம் மட்டும் வெட்டாம சாட்சித் திட்டா நிக்குது.

"அட பாவிகளா, நமக்குன்னு கிடைச்ச ஒரே எடத்தையும் குழியாக்கிட்டீங்களேடா"ன்னு பெரியம்மா போட்ட சத்தத்துல அத்தனை பேரும் அப்பத்தான் மம்பட்டியைக் கீழ வச்சுச் சுத்திப் பார்த்தாங்க. மேஸ்திரி மண்ணுலயே உக்காந்துட்டாரு. கை வெட்டிருச்சுத்தா, எனக்குத் தெரியலன்னாரு. அவரு அழுததை அன்னைக்குத்தான் எல்லாரும் பார்த்தாங்க.

அப்பத்தான் மழை பிடிச்சுச்சு. ஐப்பசி மழை தெரியுமில்ல, வானம் இருக்கிறதே தெரியாது. எல்லாரும் கரைக்கு ஓடி ஏறினாங்க. திட்டுல எங்கம்மாவுக்கு வலி கண்டிருச்சு. இறக்கலாம்னா திட்டோட பக்கமெல்லாம் சேறு, கீழ தண்ணி முழங்காலுக்கு ஏறுது. பெரியம்மா பறந்து போயித் திட்டுல நின்னு, றெக்கை ரெண்டையும் விரிச்சு எங்கம்மாவுக்கு மேல குடையாப் பிடிச்சா. மழை எங்கம்மா மேல விழல. ஆனா குடையாப் பிடிக்கணும்னாத் தலைமாட்டுல நிமிந்து நிக்கணும், பிள்ளையைப் பிடிக்கணும்னாக் கால்மாட்டுல மண்டி போடணும். அவ கால்மாட்டுக்கு வந்தாத் தங்கச்சி முகத்துல மழை அறையுது, மூச்சு முட்டுது. தலைமாட்டுக்குப் போனாப் பிள்ளையை ஏந்த ஆள் இல்ல. எங்கப்பா உடையப்பன் கரையிலேர்ந்து தண்ணியில குதிச்சாரு, சேறு விடல.

"அக்கா, என்னைத் தூக்கிட்டுப் பறந்துரு"ன்னா எங்கம்மா.

"தூக்கிட்டு எங்கடி போறது? இதுதான் எடம்."

சொல்லிட்டுப் பெரியம்மா கையைப் பின்னால கொண்டு போனா. றெக்கை எறும்பு எடம் கிடைச்சதும் தன் காலாலயே தன் றெக்கையைத் தட்டி விடுமே, பார்த்திருப்பீங்க. சோளத்தட்டை ஒடியற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு எங்கப்பா சொல்லுவாரு, அதுக்கப்புறம் இன்னொண்ணு. அடிக்கட்டையைப் புத்துக்கு ரெண்டு பக்கமும் ஆழமாக் குத்தி நட்டு, நுனியை மேல சேர்த்துக் கட்டினா, கூரை ஆச்சு. அப்புறம் கால்மாட்டுல வந்து மண்டி போட்டு, "ம், முக்குடி"ன்னா.

நான் பொறந்தேன். முத்திருளப்பர் கண்மாய்த் தண்ணியில என்னைக் குளிப்பாட்டினாங்க. என் தொப்புள்கொடியை எறும்புப் புத்துக்குப் பக்கத்துல, அந்த றெக்கைக் கூரைக்குக் கீழ, கை வச்சாத் தூசி ஒட்டற மண்ணுல பெரியம்மாவே தோண்டிப் புதைச்சா. மழை விட்டப்ப ஊருணி நிறைஞ்சு, நடுவுல திட்டு மட்டும் தனியா நின்னுச்சு. நாங்க வெட்டின பள்ளத்துல தண்ணி நிறைஞ்சதை எங்க கூட்டம் கரையில நின்னு தன் கண்ணால பார்த்த முதல் நாள் அது. முத்திருளப்பர் தன்னைத் தண்ணிகிட்டத் தூக்கிட்டுப் போகச் சொல்லி, ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிக் குடிச்சாரு. சுத்திக் கொட்டின மண்ணு கரையாச்சு, கரை மேல குடிசை வந்துச்சு, குடிசை வீடாச்சு, இன்னைக்கு நீங்க பஸ்ஸை விட்டு இறங்கி நிக்கிறீங்களே, அந்த ஊராச்சு.

பெரியம்மா அழுதாளான்னு கேப்பீங்க. அழுதா. ஏழெட்டு நாளு வானத்தைப் பார்க்கல, குனிஞ்சுக்கிட்டே நடந்தா. அதுக்கப்புறம் கூடையைத் தூக்கிட்டா. றெக்கை போயிருச்சேன்னு யாராவது உச்சுக் கொட்டினா அவளுக்குக் கோவம் வந்துரும், போயிருச்சுன்னு சொல்லாத, வச்சிருக்கேன்னு சொல்லுன்னு திட்டைக் காட்டுவா. எல்லா எறும்புக்கும் ஏன் றெக்கை வர்றதில்லன்னு சின்ன வயசுல நான் அவகிட்டக் கேட்டிருக்கேன். எடம் கிடைச்சதும் ஒடிச்சுப் போட மனசு இருக்கிறவளுக்குத்தான் குடுத்து அனுப்புவாங்கன்னு சொல்லிட்டு வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவினா.

ஊருன்னு ஒண்ணு ஆனப்புறம்தான் மூணு ஊர்க்காரங்களுக்கும் இந்த மேடு தங்களுதுன்னு ஞாபகம் வந்துச்சு. தண்ணி நிக்குதுல்ல. ஒரு நாள் ஜீப்புல ஒரு அதிகாரியைக் கூட்டிட்டு வந்தாங்க. அவரு நல்ல மனுசருதான், சட்டம் பேசினாரு. நீங்க வேலைக்கு வந்த ஆளுங்க, வேலை முடிஞ்சாக் காலி பண்ணிப் போறதுதானே உங்க வழக்கம், எப்ப கிளம்பறீங்கன்னு கேட்டாரு. நான் பெரியம்மா இடுப்புல இருந்தேன். அவ என்னை இறக்கி விடாம, கரை விளிம்புக்கு நடந்து போயி, தண்ணிக்கு நடுவுல நிக்கிற திட்டைக் கையை நீட்டிக் காட்டினா. ரெண்டு றெக்கையும் அங்க வெயில்ல மினுங்கிச்சு.

"சாட்சி இன்னும் நிக்குதுல்ல சாமி, வேலை எங்க முடிஞ்சது?"ன்னு கேட்டா.

ஜீப்பு திரும்பிப் போயிருச்சு. இன்னொரு ஜீப்பு வந்துச்சு, அதுவும் போச்சு. இப்ப எனக்கு மூணு பிள்ளைங்க, மூணு கொடியும் அந்தத் திட்டுலதான் இருக்கு, பரிசல்ல போயிப் புதைச்சுட்டு வந்தோம். கோடை மழைக்கு மறு நாள் றெக்கை எறும்புங்க அங்கேர்ந்து கிளம்பறப்ப ஊரே கரையில நின்னு வழியனுப்பும். நாங்க இன்னும் வேலை முடிக்கல.